ஊதாத பாட்டில்

மே மாதக் கடைசி வாரம்.
குளியலறை பக்கெட்டில் ஐந்து டப்பாக்கள்,
மேலே ஒரு செங்கல்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
நாலாய் மடித்த டிஷ்யூ.
"நான் எதில் குளிப்பது?" என்கிறாள் ஜெஸிந்தா.
காலை வரை பொறு.
மழை வரும் முன்
இவற்றுக்கு ஒரு பரீட்சை.

முதலில் தோற்றது எவர்சில்வர்.
தெரிந்ததுதான்.
லோக்கல் ரயிலில் பைக்குள் சாம்பாரை விடுகிற டப்பா
மழையை மட்டும் நிறுத்திவிடுமா.
ஃபிலிம் சுருள் டப்பி, சாம்பல் மூடி,
பார்க்க அழகு. உள்ளே கூழ்.
தைலப் புட்டி, அதுவும்.
மாத்திரைக் குப்பிக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி;
தண்ணீர் குழந்தை இல்லை.
நாலு பக்கமும் டக்கென்று பூட்டுவது ஒன்று,
முன்னூற்றெழுபது ரூபாய்,
அதன் ரப்பர் வளையத்தில் என் தலைமுடி.
ஒரே ஒன்று.
ராத்திரி முழுக்க அதைப் பிடித்தபடி
இறங்கியிருக்கிறது பக்கெட்.

ராணுவத் தோட்டாப் பெட்டி ஒன்றை
சோர் பஜாரில் பார்த்து வைத்திருந்தேன்.
கடலில் போட்டாலும் உள்ளே காய்ந்திருக்கும்.
"பைத்தியமா உனக்கு?
கேட்பாரற்ற பொருளைத் தொடாதே என்று
மூன்று மொழியில் சொல்லும் ஊர்.
முதலில் கண்டுபிடிப்பவர்
மோப்ப நாயோடு வருவார்."
அவள் சொன்னது சரி.
இங்கே டப்பா
தண்ணீருக்கு மூடியிருக்கணும்,
சந்தேகத்துக்குத் திறந்திருக்கணும்.

தாராவி, பதின்மூன்றாவது காம்பவுண்ட்.
கனி ராவுத்தர் கிடங்கில்
மூட்டை மூட்டையாய் பாட்டில் குஞ்சுகள்:
விரல் நீளம், தடித்த சுவர், கண்ணாடித் தெளிவு,
கழுத்தில் மட்டும் முழுசாய் வளர்ந்த திருகுப் புரி.
சூடாக்கி ஊதினால் சோடா பாட்டில் ஆகியிருக்கும்.
எங்கோ ஒரு மெஷின் கழித்துப் போட்டவை,
கிலோ கணக்கில்.

"என்னத்தப் போடப் போறிய இதுல?"
பேரு. தேடி வர்றவங்க எழுதிட்டுப் போற பேரு.
"அவுகளுக்குக் காசு கிடைக்குமா?"
இல்ல.
"ஒங்களுக்கு?"
நாலைந்தை அள்ளிக் கையில் கொட்டினார்.
எடை போடவில்லை.

எதிர்க் கடையில் சோடா குடித்தேன், மூடிக்காக.
பக்கெட்டில் இரண்டு இரவு.
டிஷ்யூ அப்பளம் மாதிரி நொறுங்கியது.

ஜூன் ஐந்து, சயான் கோட்டைக் குன்று.
மதில் கல்லைத் தொடுவதில்லை, அது என் விதி.
அதற்குக் கீழே, சரிவில், வேர் ஒன்று முழங்கை மடித்த இடம்.
சுருட்டிய காகிதம்,
செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா பொட்டலம்,
பென்சில் துண்டு. பேனா முதல் தூறலிலேயே கட்சி மாறும்.
வெளியே ஒட்டினேன்:
விளையாட்டு. உள்ளே காகிதம் மட்டும்.
ஹிந்தியில், மராத்தியில்,
கொஞ்சம் இடம் மிஞ்சியதால் தமிழிலும்.

ஜூலையில் தண்டவாளம் காணாமல் போன அன்று
அலுவலகத்திலேயே படுத்தோம், பதினோரு பேர்.
கண்ணாடிச் சுவரில் வந்து வந்து அறைந்தது மழை.
நான் அந்த வேரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
வீட்டு ஜன்னலைச் சாத்தினேனா என்பது
மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

அக்டோபர்.
வேர் அப்படியே. புரியில் ஈரம் இல்லை.
ஆனால் உள்ளே பனி மூட்டம்,
காகிதம் ஒன்றோடொன்று ஒட்டி.
எப்படி?
நகத்தால் பிரித்தேன்.
ஒன்பது பெயர்கள். கடைசியில், கோணல் மராத்தியில்:
ஜூலை பதினெட்டு. கொட்டுகிறது. கிடைத்துவிட்டது! ஓவி.
மழை நடுவே நின்று திறந்திருக்கிறாள்.
அவள் விரல் நுனியிலிருந்து வந்த தண்ணீர்.
அதைத் திருப்பி விடாமல்
மூன்று மாதம் காத்திருக்கிறது என் மூடி,
ஒரு சொட்டுக்கூட சிந்தாமல்.

காய வைக்க வாயில் வைத்து ஊதினேன்.
இன்னும் மங்கியது.
மூச்சிலும் ஈரம்தானே.
வெயிலில் ஒரு கல் மேல் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன்.
கீழே இரண்டு லோக்கல்கள் போயின.
புதுச் சுருள் போட்டு,
ஓவி எழுதியதையும் கிழிக்காமல் உள்ளே சுற்றி வைத்து,
மூடும் முன்
புரியில் முடி ஏதும் இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்தேன்.