சம்பளம் இல்லை

கல்முனை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்
போன் திருத்தும் அஸ்மிலின் கடைக் கண்ணாடியில்
ஒட்டிவிட்டு வந்தேன்:
ஆள் தேவை. சம்பளம் இல்லை.
பின்னேரம் பிளேன்டியும் வாய்ப்பனும் உண்டு.

முப்பத்தேழு கேம் வந்திருக்கு போட்டிக்கு.
எல்லாம் ஒற்றை ஆட்கள்
வேலை முடிந்த இரவுகளில் செய்தவை.
ஒவ்வொன்றையும் கடைசிவரை
விளையாடிப் பார்க்க வேணும் யாராவது.

முதல்நாள் நாலு பொடியன்கள்,
"பார்க்கிற எங்களுக்குப் பரிசு என்ன?"
போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் ஷிப்னா.
ஆஸ்பத்திரியில் இராக்கடமை.
"கேம் ஒண்டும் தெரியா.
முழிச்சிருக்கத் தெரியும்."

பதினெட்டாம் இலக்கத்தில்
தோணி ஒன்று வாவியைக் கடக்க வேணும்.
ஆறு தரம் கவிழ்த்து
'பிழை, நீக்கவும்' என்று எழுதியிருந்தேன் நான்.

அவள் எந்த விசையையும் தொடவில்லை.
பிளேன்டி ஆறியது.
வெளியே அக்கரைப்பற்று பஸ் இரண்டு போனது.
திரையில் காற்று மாறி
தோணி தானாய்த் திரும்ப,
அக்கரையில் யாரோ
லாம்பைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"செஞ்ச ஆளுக்கு எழுதுங்க,
ஒராள் வந்து சேர்ந்திட்டா எண்டு."

என் குறிப்பை வெட்டினேன்.
கண்ணாடித் தாளையும் திருத்தினேன்:
இன்னும் ஐந்து பேர்.
வாய்ப்பன் முடிந்தது.
பிளேன்டி இருக்கு.