வண்டி, பண்டி

மாதவரம் கடையில்
மூன்று மோட்டார் மெஷினின் வலிமையை
விற்பனையாளர் சொல்லிக்கொண்டிருக்க
தேசராணி அதன் அடியில் கை கொடுத்து
ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.
"அண்ணே, மண்டபத்து மாடி இருபத்திரண்டு படி.
இதோட நாங்க ரெண்டு பேர்தான் ஏறணும்."
அவர் சிறியதைக் காட்டினார்.
நாற்பது லிட்டர், இரண்டு மோட்டார்.
வெந்நீரைப் பீய்ச்சுவது எல்லா மெஷினுக்கும் வரும்.
பீய்ச்சியதைத் திரும்ப உறிஞ்சுவதில்தான்
விலை இருக்கிறது.

காயவைக்கும் ப்ளோயர் ஒன்று,
நரம்பு விறைக்காத பிரஷ் இரண்டு,
பதினைந்து மீட்டர் கேபிள்.
போதும் என்றவள் நான்.

மருந்து பாட்டிலில் அச்சடித்திருந்தவை
எல்லாம் வெளியூர்க் கறைகள்:
ஒயின், சாக்லேட், நாய்க்குட்டி.
குங்குமம் இல்லை. ரசம் இல்லை. வெற்றிலைச் சாறு இல்லை.
ஒரு துண்டுக் கார்ப்பெட்டை வாங்கிவந்து
பதினோரு நாள் நாங்களே அசிங்கப்படுத்திப் படித்தோம்.

ஊத்துக்கோட்டையில் யாரம்மா கார்ப்பெட் வைத்திருக்கிறார்கள்
என்று சிரித்தது வங்கி.
பாலத்தைத் தாண்டினால் சத்தியவேடு, சார்;
கம்பெனி ஆபீஸ்கள்,
நாலு கல்யாண மண்டபம்,
ஒரு சர்ச்சின் நடுப்பாதை.
அந்தப் பக்கம் பண்டி, இந்தப் பக்கம் வண்டி,
அழுக்கு இரண்டு பக்கமும் ஒன்றே.

வண்டிதான் கிடைக்கவில்லை.
ஆம்னியில் மெஷின் ஏறினால் ஆள் ஏற முடியாது.
லோடு ஆட்டோவுக்குக் கூரை இல்லை.
பழவேற்காட்டு மீன் வண்டி ஒன்று
சுத்தமாய், சல்லிசாய் நின்றது.
கதவைச் சாத்தி, டீ குடித்துவிட்டு வந்து திறந்தோம்.
எங்களுக்கு முன்னால் அது வணக்கம் சொன்னது.

பிறகு நாகலாபுரம். முனிகிருஷ்ணய்யாவின் ஷெட்.
வேகமே பார்க்காத எஞ்சின்,
முழங்கால் உயரத்தில் தரை,
கழுவிவிட ஸ்டீல் தகடு,
இழுத்தால் வெளியே வரும் நீளத் தட்டு,
குளிர்ப்பெட்டிக்கென்று வைத்த ஜெனரேட்டர்.
இரண்டு வருடமாய் ஒருவரும் விலை கேட்கவில்லையாம்.
"பண்டி பாகுந்தி" என்றார், தரையைப் பார்த்தபடி.
அளக்க டேப் இல்லை.
தேசராணி செருப்பைக் கழற்றிவிட்டு
தட்டில் ஏறிப் படுத்தாள்.
தலைக்கு மேல் ஒரு முழம் மிச்சம்.
"கார்ப்பெட் சுருள் தாராளமா போகும்கா."
முனிகிருஷ்ணய்யா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.
கேட்ட விலையில் பாதிக்கு முடிந்தது.

ஆந்திர நம்பரை மாற்ற நாற்பது நாள்.
மாம்பழ மஞ்சள் இரண்டு கோட்டிங்.
சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது மட்டும்
மஞ்சளுக்கு அடியில் தெலுங்கில் எழுந்து வரும்
வைகுண்ட ரதம்.

சத்தியவேட்டில் முதல் வேலை.
மேனேஜர் வரதய்யா கேட்டிலேயே நிறுத்தி
வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.
பின்கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.
எடுக்கவில்லை.
"இதுல தானே எங்க நாயனா..."

வேலை போயிற்று என்று நினைத்தேன்.
அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"முன்னால வேணாம். நாளைக்கு முகூர்த்தம்.
சமையல் ஷெட் பக்கமா விடுங்க" என்றார்.

கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது.
சமையல் ஷெட்டிலிருந்து நீண்ட கேபிள்
மேடைக்கு நாலு மீட்டர் முன்னால் நின்றுவிட்டது.
தேசராணி என்னைப் பார்த்தாள்.
நான் கேபிளைப் பார்த்தேன்.

கார்ப்பெட்டைத்தான் இழுத்தோம், மின்சாரம் இருந்த இடத்துக்கு.
ஆறு கல்யாணத்தின் கனம்.
மூன்றாவது இழுப்பில் லேசானது;
அந்த முனையில் வரதய்யா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

தொட்டியைத் திறந்துவிட்டபோது
சாக்கடையில் போன முதல் நாற்பது லிட்டர்
அட்சதை மிதக்கும் செந்நீர்.

இரவு கணக்கு நோட்டில்
வரவுக்குக் கீழே தேசராணி எழுதியிருந்தாள்:
கேபிள், இன்னும் பத்து மீட்டர்.
அக்கா பேச்சைக் கேட்காமல் வாங்கவும்.