பிள்ளைத் தராசு

பிள்ளை மடுவத்தில் பகல் ஒரு மணி.
பதினொரு தொட்டில், பதினொரு உறக்கம்,
தகரத்தில் மழை.
நான் ஒரு கொலையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
குடை தைக்கும் முகைதீன் நானாவிடம் வாங்கியது.
நூறு ரூபாய். திருப்பிக் கொடுத்தால் எழுபது தருவார்.
அட்டையில் எப்போதும் ஒரு பூனை.
எப்போதும் ஒரு சின்ன ஊர், மாதா கோயில், பேக்கரி,
பென்ஷன் வாங்கும் ஒரு டீச்சரம்மா.
இரத்தம் ஒரு சொட்டும் கம்பளத்தைத் தாண்டாது.
கடைசிப் பக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்து
கேக் தின்பார்கள்,
செத்தவரைத் தவிர.

எனக்கு அது பிடிக்கும்.
உத்தியோகம் எதுவும் இல்லாத ஒருத்தி
"இது சரியில்லையே" என்று
ஒரு கரண்டியைத் திருப்பிப் பார்ப்பது பிடிக்கும்.
போலீஸ் அவளை மதிக்காதது பிடிக்கும்,
பிறகு மதிப்பது அதைவிட.

ஒன்றுதான் உறுத்தியது.
அத்தியாயத்துக்கு மூன்று தரம் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.
நஞ்சு இருக்குமோ என்று கோப்பையை மோந்து பார்க்கிறார்கள்.
இருபத்தாறு புத்தகம் முடித்துவிட்டேன்,
அந்தத் தூள் எந்த மலையிலிருந்து வந்ததென்று
ஒரு துப்பறிவாளருக்கும் கேள்வி வரவில்லை.

அன்றைக்குத்தான்
திரிபோஷா கணக்குக் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினேன்.

முதல் வரியில் ஒரு பிணம் வேண்டும்.
தொரை பங்களாவில் கிடத்தினேன்.
அங்கே எனக்குக் குசினி மட்டும்தான் தெரியும்.
லயத்துக்கு இறக்கினேன்.
பூட்டிய அறைக்குள் கொலை என்று எழுத
முதலில் ஒரு பூட்டு வேண்டும்,
பிறகு ஒரு அறை.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஆறு பேர் படுத்திருக்க
கொலைகாரன் எங்கே கால் வைப்பான்?
இங்கே ஒருவர் இருமினால்
நாலாவது காம்பராவில் சுக்கு இடிப்பார்கள்.
யாரைக் கொன்றாலும் மரண சகாய நிதிக்கு
நானும் இருநூறு கட்ட வேண்டும்.
இருந்தும் மூன்று பேரைக் கொன்று பார்த்தேன்.
மூவரும் மறுநாள் காலை
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.
கோடு கிழித்து உயிர் கொடுத்தேன்.
பிணம் வேண்டாம். களவு போதும்.

களவுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.
நாளுக்கு மூன்று நிறுவை,
மூன்றிலும் கிலோ காணாமல் போகிறது.
சாக்குக்கு என்பார்கள், ஈரத்துக்கு என்பார்கள்,
கொழுந்து காய்ந்து கருகும் மாசியிலும்
ஈரத்துக்கு என்பார்கள்.
பதினெட்டில் ஒன்று குறைந்தால் அரைப்பேர்.
பேரையே பாதியாக வெட்டும் இடத்தில்
எனக்கு எதற்கு வேறு கொலை?

என் துப்பறிவாளி மங்களேஸ்வரி.
என்னைப் போல மடுவத்து ஆயா, என்னைவிட வாயாடி.
பூனைக்குப் பதிலாக அவளுக்கு
கணுக்காலில் ஒரு பழைய அட்டைக்கடி;
யாராவது பொய் சொன்னால் அரிக்கும்.
மூன்றாம் அத்தியாயத்தில் அவள் கண்
உத்தரத்தில் போய் நிற்கிறது.
மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் தொங்கவிட்டு
நிறை பார்க்கும் தராசு.
மருத்துவிச்சி நோனா கொண்டுவந்தது,
கழிவு பிடிக்கத் தெரியாதது.
கொழுந்துச் சாக்கை அதில் மாட்டுகிறாள்.
முள் நடுங்கி...

அங்கே நிறுத்தினேன். ஒரு பிள்ளை எழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பால் கொடுக்க வந்த பிலோமினாவுக்கு
மூன்று அத்தியாயமும் வாசித்தேன்.
பிள்ளை ஒரு பக்கம் குடித்து மறுபக்கம் மாறும்வரை
அவள் வாயே திறக்கவில்லை.
"யார் எடுத்தான்னு கண்டுபிடிச்சியா?"
"அது மொத பக்கத்துலயே தெரியுது.
தராசுதான் எனக்குத் தோணாமப் போச்சு."

இன்று திங்கள்.
அந்தி நிறுவைக்கு இன்னும் கால் மணி இருக்கிறது.
வாசலில் பிலோமினா, இடுப்புப் படங்கு சொட்டச் சொட்ட.
பின்னால் பவளம், அவளுக்கும் பின்னால்
இன்னும் நாலு சாக்கு, மழையோடு.
ஒருத்தியும் பிள்ளையைக் கேட்கவில்லை.
"அக்கா, அந்த முள்ள ஒருக்கா பாக்கணும்."

பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு
கொக்கியை இறக்குகிறேன்.
கணுக்கால் அரிக்கிறது.