ஐந்தாவது ஆள்

மண்டபம், வடகடல் ஓரம்,
ஓடாத ஐஸ் கம்பெனியின் மாடி.
தடைக்காலம் நாற்பதாம் நாள்.
கீழே விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கின்றன.
கச்சான் காற்று சன்னல் வழியே மணலைக் கொண்டுவந்து
மேசை விரிப்பில் கொட்டுகிறது.
சீட்டை இழுத்தால் நறநறக்கிறது.

முப்பத்தொரு பேர் உட்கார்ந்தோம், தலைக்கு ஆயிரம்.
இப்போது ஐந்து பேர்.
பரிசு நாலு பேருக்கு.
ஐந்தாவதாகப் போகிறவருக்கு ஒரு டீ என்று
மேசை நடுவில் வைத்தார்கள்.
அது ஆறி ஒரு மணி நேரமாகிறது.

உல்லாசக் கப்பலில் அறை துடைத்த அபுதாகிர்
சட்டமெல்லாம் கொண்டுவந்தான்,
சிப்ஸ் கொண்டுவரவில்லை.
என் நண்டு கம்பெனி டோக்கன்தான் பணம்.
உரித்த கிலோவுக்கு ஒன்று என்று
பகலில் பெண்கள் கையில் நான் எண்ணிப்போடும் அதே பிளாஸ்டிக்.
எவ்வளவு கழுவினாலும் கவிச்சி போகாது.

என்னிடம் ஐயாயிரத்து அறுநூறு.
பிளைண்ட் நானூறு, எண்ணூறு.
ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்க
சுற்றுக்கு ஆயிரத்து இருநூறு வாடகை.
நாலு சுற்று தாங்கும், அப்புறம் சில்லறை.
டீசல் முள் சிவப்பில் நிற்கும்போது
கரைதான் தெரிகிறதே என்று யாரும் எஞ்சினை முறுக்குவதில்லை.
நிறுத்திவிட்டு மிதக்கவும் முடியாது,
நீவாடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

என் இடப்பக்கம் நம்புவேல் டிரைவர்.
அவரிடம் இரண்டாயிரத்து நூறு.

என் எண்ணூறு உள்ளே கிடக்கும்போது
ஆஸும் ராணியும் வந்தன, இரண்டும் ஆட்டின்.
ராயப்பன், இரண்டு படகுக்காரன்,
குவியலை முழங்கையால் முன்னே தள்ளினான்.
சீட்டைப் பார்த்தானா என்பதே சந்தேகம்.
சாயங்காலமாக இருந்தால் நானும் தள்ளியிருப்பேன்.
ராணியைக் கவிழ்த்து வைத்தேன்.
அவன் ஏழும் ஐந்தும் காட்டிச் சிரித்தான்.
சிரிக்கட்டும்.
அடுத்த கையில் எண்ணூறு கட்டவேண்டியவர் நம்புவேல்.
அவர் போனால் எனக்கு மூவாயிரம்,
பாதிச் சம்பளத்துக் கம்பெனி தராத மீதி.

கடலுக்குப் போனவன் திரும்பி வரணும் என்று
எத்தனையோ விடியலில் கரையில் நின்றிருக்கிறேன்,
அண்ணனுக்காக, பிறகு வீட்டுக்காரருக்காக,
பேர் தெரியாத படகுக்காகக்கூட.
ஒருவர் மூழ்கட்டும் என்று காத்திருப்பது
இதுதான் முதல் தடவை.
அதுவும் இரண்டடி தள்ளி.
அவர் சட்டைப்பையில் பீடிக்கட்டின் நூல் தெரிகிறது.

ராயப்பன் மறுபடி தள்ளினான். ராஜா, ஜாக்கி.
நம்புவேல் இருந்ததையெல்லாம் வைத்தார்.
எட்டும் மூன்றும்.
வேறென்ன செய்வார், கட்டியது போக என்ன மிச்சம்?
நாலு சீட்டு விரிந்தது. ஒன்றுமில்லை.
கடைசிச் சீட்டு கிளாவர் மூன்று.
மாடியே கத்தியது.
நானும் கைதட்டினேன்.
தட்டியது என் கைதானா என்று பிறகு பார்த்துக்கொண்டேன்.

என் நானூறும் அதில் போயிருந்தது.
இப்போது அவரிடம் நாலாயிரத்து அறுநூறு,
என்னிடம் நாலாயிரத்து நானூறு.
பட்டன் என் முன்னால் வந்து நின்றது.
இஸ்பேட் ஆறு, டைமன் நாலு.
கூட்டினால் நண்டின் கால் கணக்கு, வேறு பெருமை இல்லை.
எனக்கு முன்னே இருவரும் கவிழ்த்துவிட்டார்கள்.
ராணியைக் கவிழ்த்த அதே கையால்
இந்தக் குப்பையின் மேல் எல்லாவற்றையும் வைத்தேன்.
"ஆல் இன்."
என் குரல் ஏலக் குரலாக வந்தது.

நம்புவேல் சீட்டை இரண்டு தடவை பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை, என் டோக்கனைப் பார்த்தார்.
உதடு அசைந்தது.
நாலாயிரத்து நானூறு என்று அசைந்தது.
ஓ, அவரும்.

கவிழ்த்தார்.
ராயப்பன் கொட்டாவி விட்டு,
வெகுநேரம் விட்டு,
அவனும் கவிழ்த்தான்.

ஆயிரத்து இருநூறு என் பக்கம் வந்தது.
எண்ணினேன், ஐயாயிரத்து அறுநூறு.
புறப்பட்ட இடம்.
அபுதாகிர் கலைக்கிறான், சீட்டுக்கிடையே மணல்.
நம்புவேல் டீ டம்ளரை ஒரு விரலால்
என் பக்கம் நகர்த்தினார்.
நான் அவர் பக்கம் நகர்த்தினேன்.