இருபத்து மூன்று மெமரி கார்டுகள்

சாக்லேட் கடைக்காரர் சுவரை அளந்துவிட்டுப் போனார்.
பதினோரு அடி. கண்ணாடி அலமாரி வருமாம்.
ஹோம் மேட் என்று எழுதிய பலகை
திண்டுக்கல்லில் தயாராகிறது. சாக்லேட்டும் அங்கேதான்.
நான் சிரிக்கவில்லை. கடைசி இரண்டு வருடம்
நான் விற்றதும் வெறும் பெட்டி:
கவரைக் கிழித்துத் திறந்தால் உள்ளே டிஸ்க் இருக்காது,
பன்னிரண்டு எழுத்தில் ஒரு சீட்டு.
"அண்ணே, சீட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிடுங்க"
என்றான் பள்ளங்கியிலிருந்து ஒருவன்.
அனுப்பினேன். பெட்டி என்னிடமே தங்கிவிட்டது.

இந்த ஊர்க் குளிர் டிஸ்குக்கு ஆகாது.
ஐப்பசியில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளைப் பொட்டாக.
நாற்பது வாட் பல்புக்கு அடியில்
அப்பளம் மாதிரி பரப்பி வைப்பார் ஆரோக்கியதாஸ்.
நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்க வேண்டும்,
வட்டமாகத் துடைத்தால் என்னையே திட்டுவார்.
அவருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
இரண்டு டிவியில் பெரியதைத் தூக்கிக்கொண்டு
கணக்கு முடிந்தது என்றார். முடியவில்லை,
இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏழு ரோடு முக்கில்
ஹாஸ்டல் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள்.
நாலு மணி வரைதான் பாஸ்.
கார்டை எடுத்துப் போனால் வார்டன் பிடுங்கிவிடுவார்,
அதனால் என் மேஜை டிராயரில்,
பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் பெயர்:
குரியன் ஒன்பது பி.
தஷி.
ரோஷ்னி. தொட்டால் கொலை.
முழுப்பரீட்சை முடிந்த அன்றைக்கு
அப்பாக்களின் கார் நேராக வத்தலக்குண்டுக்கு இறங்கும்.
டிராயரை யார் நினைப்பார்கள்?

நேற்று, கரண்ட் ஆபீஸ் ஆள் ஃபியூஸ் பிடுங்க வருமுன்,
ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன்.
குரியன் பாலத்தின் நடுவில், குதிரைமேல்,
பதினெட்டு வருடமாக மழையில் நிற்கிறான்.
தஷியிடம் மூவாயிரம் பொற்காசு, ஒரே ஓர் உயிர்.
பிளாஸ்திரி உதிர்ந்த கார்டில் யாரோ வீடு கட்டியிருக்கிறான்,
கூரை போடவில்லை.
ரோஷ்னி, கடைசி அரக்கனின் கதவுக்கு வெளியே,
அறுபத்தோரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் ஆடி,
கைப்பிடியில் கை வைத்தபடி.

கடன் நோட்டில் அவள் அப்பாவின் எண் இருந்தது.
அவர் கொடுத்த எண்ணில் அவள், பெங்களூரில்.
"அய்யோ அங்கிள், அதை ஃபோன்லயே இறக்கி முடிச்சுட்டேன்.
முடிவு சுமார்தான்."
பின்னால் குழந்தை எதற்கோ அழுதது.
"கடை இன்னும் இருக்கா?"
இருக்கு என்றேன்.
அந்த நிமிடத்துக்கு அது பொய்யில்லை.

ஃபோனை வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினேன்.
நாலாவது அடியில் செத்தேன்.
மறுபடி. ஏழாவதில்.
கீழே ஸ்வெட்டர்க்காரர்கள் தார்ப்பாயை இறக்கினார்கள்.
படியேறி வந்த யாரோ
"டைப் சி கேபிள் இருக்குங்களா?" என்றார்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
தாடையால் காட்டினேன், அடுத்த கடையை.