தையலின் இடப்பக்கம்

முதலில் ஒரு உளுந்தளவு.
சிசேரியன் தையலின் இடப்பக்க முனையில்,
பாவாடை நாடா இறுக்குற இடத்தில்.
கவிநயன் பிறந்து மூன்றாம் வருசம்.

"துண்டாயிருக்கும்" எண்டார் இவர்.
மல்லாவியில் ஆருக்கு எங்கே வீங்கினாலும்
முதலில் இரும்பைத்தான் நினைப்பம்.
எனக்கும் ஒன்று தோளில் கிடக்கு,
பன்னிரண்டு வயசில் ஏறினது.
வாய் திறவாது.
மார்கழிக் கூதலுக்கு மட்டும் கொஞ்சம் முனகும்.

இது அப்படியில்லை. இது நாள் பார்க்குது.
மாதவிலக்கு வர இரண்டு நாள் இருக்க
சிவந்து, கல்லாகி,
தோலுக்குள்ளே ஆரோ சாவி திருகுற மாதிரி.
ஐந்தாம் நாள் அடங்கும்.
ஒருக்கால் சட்டையில் கபிலமாய் ஒரு பொட்டு.

குழுக்கடன் தவணையும் அந்தக் கிழமைதான்.
ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் கேட்டால்
கை தானாய் அடிவயிற்றுக்குப் போகும்.
எது எதுக்கு நோகுதெண்டு
எனக்கே பிடிபடாத மாதங்கள் இருந்தது.

நூல் பழுதாம். களிம்பு, குளிசை,
வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி.
"பாரம் தூக்கியிருப்பாய்" எண்டாள் மச்சாள்.
தூக்காமல்?

கிளிநொச்சியில் அந்தச் சின்ன டொக்டர்,
மாத்தறைப் பிள்ளை, தமிழ் தட்டித் தட்டி வரும்,
கட்டியைத் தொடமுதல் கேட்டா:
"எத்தனையாம் திகதி நோகும்?"
அதுவரை ஒருத்தரும் கேட்கேல்லை.
சங்கக்கடைக் கலண்டரைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தன்,
புள்ளடி புள்ளடியாய்.
எண்ணிக்கொண்டு போன விரல் நின்றது.
எழும்பிக் கதவைச் சாத்தினா.

கிளினிக் கொப்பிப் பின்மட்டையில்
கத்தரிக்காய்போல ஒரு கருப்பை கீறி,
உள்சுவரில் ஒரு பொடி
வெட்டின வழியால் வந்து
தோலோடு சேர்ந்து தைபட்டுப்போச்சாம்.
"இடம் மாறினது அதுக்குத் தெரியாது அக்கா.
இன்னும் உள்ளுக்கு இருக்குறன் எண்டு நினைக்குது."

செட்டிகுளத்துக் கூடாரத்தில்
அம்மா விடிய நாலரைக்கு எழும்பி
இல்லாத மாட்டுக்குக் கயிறு தேடினவா.
எனக்குச் சிரிப்பு வந்தது.
டொக்டர் பயந்துபோனா.

வெட்டினதைக் காட்டச் சொன்னன்.
கிண்ணத்தில் நாவற்பழமளவு.
பிளந்த இடத்தில் புளிக்கரைசல் நிறம்,
போக வழியில்லாமல் நின்ற ரத்தம்.
"தோளில் இருக்கிறதும் எடுக்கவா?"
அது கிடக்கட்டும்,
அது என்னட்டத் தவணை கேட்கிறதில்லை.

அடுத்த மாதம் நாள் வந்தது.
வாற வழியால் மட்டும் வந்தது.
தையலில் புதுத்தோலின்ர தினவு, வேறொன்றுமில்லை.
மத்தியானம் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது.
பெடியன் கொப்பியை நீட்டினான்.
வலக்கை கையெழுத்து வைக்க
இடக்கை அங்கேயேதான் பொத்திக்கொண்டு நின்றது.