மூன்று தராசுகள்

சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று தராசுகள்.
ஹேங்கர் கதவைச் சாத்தச் சொன்னேன்,
காற்று புகுந்தால் எண் நடுங்கும்.
கோர்கோவாடோ வளைகுடாவின் மழை
தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க
நெலிதா கார்க்கமோவின் விமானம்
ஊசிக்கு நிற்கும் குதிரைபோல நின்றது.

பழைய எஞ்சினைவிடப் பதினெட்டு கிலோ கூடுதல்.
அதை ஈடுகட்ட
பேட்டரியை வால் பக்கம் தள்ளியிருந்தாள்.
ஈர்ப்பு மையம் எல்லைக் கோட்டுக்கு
இரண்டு விரற்கடை உள்ளே விழுந்தது.
கணக்கு சரி. எழுதிக்கொண்டேன்.

எழுத முடியாததுதான் மிச்சம்.

இது காரின் எஞ்சின்.
விமானப் பெட்ரோல் மெலிங்காவுக்கு
மாதம் ஒரு படகில் வரும், வராமலும் போகும்.
கார் பெட்ரோல் சாமன் மீன் பண்ணைக் கடையிலேயே கிடைக்கும்.
“பிரசவ வலிக்குப் படகு நேரம் தெரியாது, ஏலியோ” என்றாள்.
அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

பழையதில் தீப்பொறிக்கு இரண்டு மேக்னெட்டோ,
ஒன்று செத்தால் மற்றது கரை சேர்க்கும்.
இதில் எல்லாமே ஒற்றை பேட்டரியை நம்பி.
நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டி,
எஞ்சின் வேகத்தைப் பாதியாக்கிச் சுழலிக்குக் கொடுக்க.
ஏதோ ஒரு வேகத்தில் அதற்குள் அதிர்வு பிறக்கும்.
எந்த வேகம் என்று
உடைந்த பிறகு சொல்லும்.
காரென்றால் ஓரமாக நிறுத்தலாம்.
வளைகுடாவுக்கு மேலே ஓரம் ஏது?

“பழையது மட்டும் என்னவாம்?”
மூன்றாம் சிலிண்டரை மேசைமேல் வைத்தாள்.
மயிரிழை வெடிப்பு.
நகத்தை ஓட்டினேன். மாட்டியது.

போன மார்ச்சில்
நான் பார்த்துக் கையெழுத்திட்ட சிலிண்டர்.

மழை சற்று விட்டு மறுபடி பிடித்தது.
எண்ணெய் ஒழுகும், இருமும், ஏறும்போது முனகும்,
இருபது வருஷமாகத் தெரிந்த எஞ்சின்.
தெரிந்தது என்பதாலேயே
அதை நல்லது என்று நினைத்திருந்தேன்.

நாற்பது மணி நேரம். தனியாக.
இறங்கக் கடற்கரை தெரியும் தூரத்துக்குள்.
இன்னொரு பேட்டரி, தனிக் கம்பியோடு.
பிறகு பேசலாம் என்றேன்.
மறுபேச்சு இல்லை.
பயணிகள் இருக்கைகளில்
உருளைக்கிழங்கு மூட்டைகளை உட்காரவைத்தாள்,
ஆளுக்கு எழுபது கிலோ.
பெல்ட்டும் மாட்டினாள்.
ஒரு மூட்டைக்கு மட்டும்
பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்,
பழக்கம்.

இன்று இருபத்தாறாவது மணி.
தீவின் மறுபக்கம் போகையில்
குன்று சத்தத்தை விழுங்கிவிடும்.
நான் எண்ணத் தொடங்குவேன்.
வழக்கமாகப் பத்தொன்பதில் திரும்பக் கேட்கும்.

இருபது.
இருபத்தொன்று.

இருபத்துமூன்றில் கேட்டது.
எதிர்க்காற்றாக இருக்கலாம்.
குறித்துக்கொண்டேன், பென்சிலால்.